புத்தகத்தில் இல்லாத சொந்தக்காரர்

உங்களில் யாரேனும் பாவித்த வாகனமொன்று வாங்கும் எண்ணத்தில் இருந்தால், காசை எண்ணிக் கொடுக்கு முன் இந்தப் பக்கத்தை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். விற்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இரண்டு தடவை வாசியுங்கள்.

நான் அரபுக் கல்லூரியொன்றில் இருபது வருடங்களாக ஓதிக் கொடுப்பவன். மாவனல்லையில் குடியிருக்கிறேன். எனது உம்மாவுக்குச் சிறுநீரக வருத்தம். மாதம் இருமுறை கண்டிக்கு கிளினிக் கூட்டிச் செல்ல வேண்டும். பஸ்ஸில் ஏறி இறங்க அவரால் முடியாது. ஒவ்வொரு முறையும் வான் பிடித்துக் கட்டுப்படியாகவுமில்லை. ஆகவே வளவில் ஒரு துண்டை விற்று ஒரு கார் வாங்குவதென்று 2021 ஜனவரியில் முடிவெடுத்தோம்.

அது வாகனம் வாங்க நல்ல காலமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. புதிதாக எதுவும் வராததால், ஓடிக்கொண்டிருந்த பழைய வாகனங்களுக்கெல்லாம் விலை ஏறிவிட்டிருந்தது. "இன்று எடுக்காவிட்டால் நாளைக்கு இந்த விலைக்குக் கிடைக்காது" என்று தரகர் சொன்னார். அவர் எனக்கு அறிமுகமானவர். ஜும்ஆவுக்கு முன்வரிசையில் வந்து உட்காருபவர். காட்டியது ஒரு வெள்ளை நிற நிசான் சன்னி. ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்து பதிவான வாகனம். "ஒரே கை, ஹஸரத். ஒரு சேர் வைத்திருந்தது. மீற்றரைப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். 88,000 கிலோமீற்றர் காட்டியது. மேலே தொட்டுப் பார்த்தால் கண்ணாடி போலிருந்தது. உள்ளே நல்ல வாசனை. அந்த வாசனை எதை மறைக்கப் போட்டது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பதிவுப் புத்தகத்தில் கேகாலையைச் சேர்ந்த ஒருவரின் பெயரும் விலாசமும் இருந்தன. கைமாற்றப் பத்திரத்தில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. திகதி போடும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. கேகாலை எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். ஒரு எட்டுப் போய்க் கேட்டிருக்கலாம். "இவ்வளவு நம்பிக்கையான ஆள் சொல்லும்போது போய் விசாரிப்பது அவரைச் சந்தேகிப்பது போலாகுமே" என்ற வெட்கம் என்னைத் தடுத்தது. காசைக் கொடுத்து, பெயரை மாற்றிக் கொண்டேன். பழைய புத்தகத்தின் போட்டோப் பிரதியொன்று மட்டும் அலுமாரியில் கிடந்தது.

முதல் ஆறு மாதம் கார் குறை சொல்லாமல் ஓடியது. பிறகு மழை நாட்களில் ஹோர்ன் தானாக அடித்தது. கண்ணாடி ஏற மறுத்தது. பற்றரியை மாற்றினேன், பயனில்லை. 2021 நவம்பரில் ஒரு நாள், கிளினிக் முடிந்து மஃரிபு நேரம் கடுகண்ணாவை இறக்கத்தில் வருகிறோம். நல்ல மழை. ஒரு வளைவில் முன்விளக்குகள் இரண்டும் அணைந்தன. அடுத்த கணம் எஞ்ஜினும் நின்றது. பின்னால் ஒரு லொறி. அதன் பிரேக் சத்தம் இன்றும் எனது காதில் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், ஒரு முழ இடைவெளியில் அந்தச் சாரதி நிறுத்தினார். பின் ஆசனத்தில் படுத்திருந்த உம்மா, "என்ன மகன், வீடு வந்துட்டா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காரை எங்கள் ஊர் கராஜுக்கு இழுத்துச் சென்றோம். பாஸ் எஞ்ஜின் பக்கமே போகவில்லை. சாரதி ஆசனத்தைக் கழற்றி, கீழே விரித்திருந்த கார்ப்பட்டைத் தூக்கினார். அடியில் மாவு போல் காய்ந்த சேறு. ஆசனம் நகரும் தண்டவாளத்தின் ஆணிகள் துருவேறியிருந்தன. வயர்கள் சேரும் இடங்களைப் பிரித்தபோது செம்பெல்லாம் பச்சை நிறம். உதிரிச் சக்கரம் வைக்கும் குழியின் மூலையிலும் அதே சேறு. "ஹஸரத், இது தண்ணிக்குள்ள இருந்த வாகனம்" என்றார். தண்ணீர் வடிந்த பின்னும் வயருக்குள் அரிப்பு நிற்பதில்லை, மாதக் கணக்கில் உள்ளே வேலை செய்துகொண்டேயிருக்கும் என்று விளக்கினார்.

அன்றிரவு அலுமாரியிலிருந்த அந்தப் பிரதியைத் தேடி எடுத்தேன். பத்து மாதம் தாமதித்த பயணத்தை மறுநாள் போனேன்.

கேகாலையில் அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற சிங்களப் பாடசாலை அதிபர். நான் யாரென்று சொன்னதும் உட்கார வைத்து, தேநீர் தந்துவிட்டு, உள்ளே போய் ஒரு கொப்பியைக் கொண்டு வந்தார். ஒயில் மாற்றிய நாள், டயர் போட்ட நாள், அப்போது மீற்றர் காட்டிய எண் எல்லாம் பிள்ளைகளின் இடாப்பைப் போல் வரிசையாக எழுதியிருந்தார். கடைசி வரி 2016 பெப்ரவரி. மீற்றர் 1,42,300. கீழே, வாங்கியவரின் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம்.

"மௌலவி மாத்தயா, ஐந்து வருடத்துக்கு முன்பே விற்றுவிட்டேன். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பெயரை மாற்றிக் கொள்வதாகச் சொன்ன பிள்ளை மாற்றவில்லை. அந்தக் காரின் குற்றமொன்றுக்காக ஒரு முறை பொலிஸிலிருந்து எனக்கல்லவா கடிதம் வந்தது!" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

'ஓபன் பேப்பர்' என்று நமது நாட்டில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அது இதுதான். விற்றவர் கையெழுத்துப் போட்ட பத்திரத்தோடு வாகனம் கைக்குக் கை போகும். திணைக்களத்தின் பதிவேட்டில் பழையவரே சொந்தக்காரராக இருப்பார். இடையில் வைத்திருந்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறாது. வாங்க வருபவரிடம் "ஒரே கை" என்று சொல்லலாம். புத்தகமும் அதற்குச் சாட்சி சொல்லும்.

வாசகர்களே, எனக்கு வந்த வெட்கத்தை மறைக்காமல் எழுதுகிறேன். மாணவர்களுக்கு ஹதீஸ் கலை படிப்பிக்கும்போது நான் முதலில் சொல்வது என்ன? செய்தி அழகாயிருக்கிறது என்பதற்காக ஏற்காதே. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா என்று பார். ஸனதில் ஒருவர் விடுபட்டிருந்தால் அது அறுந்த சங்கிலி, 'முன்கதிஃ'. கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதிய சொல். எனது காரின் ஸனதில் ஒருவர் விடுபட்டிருந்தார். நான் அரை மணி நேரப் பயணத்துக்குச் சோம்பி, முன்வரிசையில் இருப்பவரின் தொப்பியைப் பார்த்து ஏற்றுக் கொண்டேன்.

அதிபரின் கொப்பியிலிருந்த விலாசம் வெல்லம்பிட்டி. அதைப் படித்ததுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்து கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நானும் எங்கள் மாணவர்களும் அப்போது அங்கே உலர் உணவு கொண்டு போனவர்கள்தாம். அந்த ஒழுங்கைகளில் கூரை மட்டும் தெரிய நின்ற வாகனங்களைக் கண்டிருக்கிறேன். அவற்றிலொன்றில் பிறகு எனது உம்மாவை ஏற்றுவேன் என்று அன்று நினைத்தேனா?

அந்தத் தம்பி இப்போது சிறு கடையொன்று வைத்திருக்கிறார். காரின் இலக்கத்தைச் சொன்னதும் முகம் மாறியது. கடையைத் தம்பிமாரிடம் கொடுத்துவிட்டு என்னை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். சுவரில் வெள்ளம் நின்ற அடையாளம் வண்ணப் பூச்சுக்குள்ளும் மெல்லிய கோடாகத் தெரிந்தது.

"கடன் வாங்கி எடுத்த கார், ஹஸரத். எடுத்து மூன்று மாதம் ஆகவில்லை. பிள்ளைகளையும் உம்மாவையும் மேல்மாடிக்கு ஏற்றுவதா, காரைப் பார்ப்பதா? மூன்று நாள் டாஷ்போர்ட் மட்டத்துக்குத் தண்ணியில் நின்றது. இன்சூரன்ஸ் 'தேர்ட் பார்ட்டி' மட்டும். ஒரு சதமும் கிடைக்கவில்லை. நானே கழுவிக் காய வைத்து, நாலு வருடத்துக்கு மேல் ஓட்டினேன். கொடுக்கும்போது 1,90,000 ஓடியிருந்தது. வெள்ளத்தில் நின்றதென்று தரகரிடம் சொல்லி, குறைந்த விலைக்குத்தான் கொடுத்தேன்."

சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கும் சொல்லியிருப்பேன் ஹஸரத். உங்களை எனக்குத் தெரியாதே. நீங்கள் வந்து கேட்கவும் இல்லையே."

அந்தப் பேச்சில் பிழை காண என்னால் முடியவில்லை. தண்ணீரில் நின்ற காரை விற்றவர் உண்மை சொல்லி விற்றிருக்கிறார். அதிபரும் உண்மையை எழுதி வைத்திருக்கிறார். நடுவிலிருந்த ஒருவரிடம் உண்மை வந்து சேர்ந்து, அங்கேயே நின்றுவிட்டது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கிலோமீற்றரும் அவரிடமே காணாமற் போனது.

பால் தரும் ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்கு முன் சில நாள் கறக்காமல் விட்டு, மடி பெருத்துத் தெரியச் செய்வதை 'தஸ்ரியா' என்பார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அப்படி ஏமாந்தவர் பிராணியைத் திருப்பிக் கொடுக்கவும் உரிமை தந்தார்கள். மீற்றரைப் பின்னுக்குத் திருப்புவது இக்காலத்துத் தஸ்ரியா. இன்னொன்றையும் கவனியுங்கள். ஸனதிலுள்ள குறையை மறைப்பவரையும், பொருளிலுள்ள குறையை மறைப்பவரையும் நமது அறிஞர்கள் ஒரே சொல்லால் குறித்தார்கள்: 'தத்லீஸ்'.

தரகரிடம் போனேன். "நீங்கள் பார்த்துத்தானே எடுத்தீர்கள்? இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்" என்றார். ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் பேசியதில், வயரிங் செலவில் பாதியைத் தந்தார். காரைத் திருப்பி எடுக்கவில்லை. வயரிங் முழுவதையும் மாற்றி நான்தான் ஓட்டினேன்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். 2025இன் தொடக்கத்தில் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. விலை விழுமுன் காரை விற்கலாமென்று நினைத்தேன். பார்க்க வந்தவர் புதிதாகக் கல்யாணம் முடித்த ஓர் இளைஞர். சுற்றிப் பார்த்தார். மீற்றரைப் பார்த்தார். "ஹஸரத் பாவித்த வாகனம்தானே, வேறு என்ன பார்க்க இருக்கிறது!" என்றார்.

எனது நாக்கு ஒரு கணம் ஒட்டிக் கொண்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. வயரிங் புதிது. கார் நன்றாகத்தான் ஓடுகிறது. நான் பொய் சொல்லத் தேவையில்லை, பேசாமலிருந்தால் போதும். வாசகர்களே, தரகரின் கடையில் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததே, அந்த இடத்துக்கு வர எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. உள்ளேயிருந்து தேநீர் அனுப்பிய எனது மனைவி, தட்டோடு அதிபரின் கொப்பிப் பக்கத்தின் பிரதியையும் வைத்து அனுப்பியிருந்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இளைஞர் தேநீரைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போய்விட்டார். அடுத்து வந்தவரும் போய்விட்டார். மூன்றாவதாக வந்தவர் கராஜ் வேலை தெரிந்தவர். விலையை நன்றாகக் குறைத்துக் கேட்டு எடுத்தார். எனக்கு நட்டம்தான். யார் யார் எந்த ஆண்டு வைத்திருந்தார்கள், உண்மையாக ஓடிய தூரம், வெள்ளம், மாற்றிய வயரிங் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பெயரையும் அவர் மாற்றிக் கொள்ளும்வரை விடவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். புத்தகத்தில் உள்ள பெயருக்குரியவரைத் தேடிப் போங்கள். எந்த மாதம் விற்றீர்கள், அப்போது மீற்றர் எவ்வளவு, யாருக்குக் கொடுத்தீர்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். அவர் விற்ற நாளுக்கும் நீங்கள் வாங்கும் நாளுக்கும் இடையில் காலம் இருந்தால், அந்த இடைவெளியில் இருந்தவரைக் கண்டுபிடியுங்கள். கார்ப்பட்டைத் தூக்கிப் பாருங்கள். விசாரிப்பது யாரையும் அவமதிப்பதாகாது. விற்கும் நாள் வந்தால், கேட்கப்படாவிட்டாலும் சொல்லுங்கள்.

உம்மா இன்று இல்லை. கடந்த ரமழானுக்கு முன் வபாத்தானார். கடைசிவரை அந்தக் காரில்தான் கிளினிக் போய் வந்தார். அன்று பின்னால் வந்து பிரேக் பிடித்த லொறிச் சாரதி யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்காகவும் துஆச் செய்கிறேன். வஸ்ஸலாம்.