வேங்கடத்தில் ஒரு பகல்

அயல்நாட்டில் வாழும் நமக்குத் தாயகப் பயணம் பெரும்பாலும் உறவினர் இல்லங்களோடு முடிந்துவிடுகிறது. இம்முறை ஒரு பகலைச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் ஒதுக்கினோம். தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகக் கூறும் வேங்கடம் திருப்பதி மலையே. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. ஆயினும் சித்தூர்க் கடைவீதியில் தெலுங்கோடு தமிழும் கலந்து ஒலிக்கக் கேட்டு மகிழ்ந்தோம். திருமலைக் கோயிற் சுவர்களிலோ பழந்தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. என் மகள் ஓரெழுத்தைச் சுட்டி, “அப்பா, இது நம் ‘ப’ அல்லவா?” என வியந்தாள். எல்லைக் கோட்டை ஆணைகள் மாற்றலாம். எழுத்தைக் காப்பது நம் கையில் உள்ளது. எழுத்தறியாப் பிள்ளைக்கு அவை வெறுங்கற்களே. ஆதலால், அன்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் பிள்ளைகளுக்கு அரிச்சுவடியைக் கற்பித்து அழைத்துச் செல்லுங்கள்.