லென்ஸ் மேல் பழி போட்டேன்

என் 50 எம்எம் லென்ஸில் ஒரு பழுதும் இல்லை. அது தெரிந்த பிறகும் பழுது என்றே எல்லோரிடமும் சொல்லிவந்தேன். கள்ளக்குறிச்சியில் படமெடுத்துப் பிழைக்கிற நான் இதை இனியும் மறைக்க விரும்பவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலைக்கு ஏறினால், எடுப்பதெல்லாம் எஃப் 1.8இல்தான். பின்னணி கரைந்து முகம் மட்டும் துலங்கும். அதைப் பார்த்துத்தான் ஆர்டர் தருவார்கள் என்று அபர்ச்சரை ஒரு படிகூடக் குறைக்க மாட்டேன். ஆனால் ஒரே ஆளை அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளுத்திருக்கும், இன்னொன்று இருண்டிருக்கும்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்றால் ஷட்டர் 1/100 போதும். இது ஃபிலிம் காலத்துப் பாலபாடம். எஃப் 1.8க்கு அதுவே கிட்டத்தட்ட 1/8000 ஆகிவிடும். என் கேமராவோ 1/4000க்கு மேல் போகாது. ஆகவே வெயிலில் தேவையைவிட இரண்டு மடங்கு வெளிச்சம் உள்ளே இறங்கும். ஆள் மரநிழலுக்கு நகர்ந்தால் படம் சரியாக விழும். முழுதாகத் திறந்த லென்ஸில் ஓரங்களுக்கு வெளிச்சம் குறைவாகவே போய்ச் சேரும் என்பதால், ஆளை ஓரத்தில் நிறுத்தினால் முகம் மங்கும். வியூஃபைண்டரில் 4000 என்ற எண் மினுக்கி மினுக்கி எச்சரித்தது. பார்த்துக்கொண்டேதான் பட்டனை அழுத்தினேன்.

வெள்ளிமலைப் பக்கம் சாமை காயப்போட்ட களத்தில் ஒரு பெரியவர், "தம்பி, நல்லா ஒண்ணு எடு, சட்டம் போட்டு மாட்டணும்" என்றார். தலையில் வெள்ளைத் துண்டு. பிரிண்ட் போட்டுப் பார்த்தால் துண்டில் மடிப்பும் இல்லை, இழையும் இல்லை. நெற்றியில் பாதி வெறும் காகிதமாக இருந்தது. அதையே கொண்டுபோய்க் கொடுத்து, "லென்ஸ் கோளாறுங்க ஐயா" என்றேன். "பரவால்ல தம்பி" என்று வாங்கிக்கொண்டார்.

லென்ஸ் விற்ற கடையிலும் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் உள்ளேயே எஃப் 1.8இல் சுவரை வரிசையாக எடுத்துக் காட்டினார். எல்லாம் ஒரே வெளிச்சம். ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. வெளியே வந்து அந்தக் கடையையும் குறை சொன்னேன்.

இப்போது வெயிலில் எஃப் 4க்கு வந்துவிடுகிறேன். பின்னணி கரைந்தே ஆகவேண்டும் என்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுகிறேன். முகத்துக்கு மீட்டர் பார்த்து மேனுவலில் நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் வெந்துபோன வெள்ளையை ரா ஃபைலிலிருந்துகூட மீட்க முடியாது. வீட்டில் மாட்ட ஒரு படம் கேட்டவருக்கு, என் தொழில் பெருமைக்காக எடுத்த படத்தைக் கொடுத்தேன். அவரை மறுபடி உட்காரவைத்து எடுத்துத் தரவேண்டும். அதற்கு முன்னால், கோளாறு லென்ஸில் இல்லை, என்னிடம்தான் என்று அவரிடம் சொல்லியாக வேண்டும்.