சோத்தோட தண்ணி குடிக்காதே

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் கறிச்சோற்றுக்குப் பஞ்சமில்லை. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, மாங்காடு, அந்தப் பக்கம் பேராவூரணி வரைக்கும் மொய் விருந்துதான். பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைத்துச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். உள்ளே கிடாக்கறி வேகும். வாசலில் ஆளுக்கொரு மேசை போட்டு மொய் எழுதுவார்கள். வாங்கினதைத் திருப்பிச் செய்வது ஒரு கணக்கு, அதற்கு மேல் புதுநடையாகப் போடுவது இன்னொரு கணக்கு. 2019-ல் வடகாட்டில் ஒருவருக்கு மட்டும் நாலு கோடி விழுந்தது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். மொய் செய்துவிட்டுக் கை நனைக்காமல் வந்தால் வீட்டுக்காரருக்கு மனத்தாங்கல் வந்துவிடும்.

நான் கை நனைப்பேன். அதோடு சரி. ஒரு பிடி சோறு, மூன்று நான்கு துண்டு கறி. கொழுப்பையும் சவ்வையும் ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு துண்டையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குப் போகும்போது நான் இரண்டாவது வாயில் இருப்பேன். கொஞ்சம் அவசரப்பட்டால் போதும், நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொள்ளும். வாயில் எச்சில் நுரைநுரையாக ஊறும். அப்போது பேச முடியாது, விழுங்க முடியாது. எழுந்து தோப்புப் பக்கம் போய் அந்த நுரையைத் துப்பிவிட்டு நிற்க வேண்டும். பரிமாறுகிறவருக்கு இதெல்லாம் தெரியுமா? "என்ன மாப்ள, எங்க வீட்டுக் கறி புடிக்கலையா?" என்று ஒரு கரண்டியைக் கவிழ்த்துவிட்டுப் போவார். அதற்காகவே அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, என் இலையில் விழுவதையெல்லாம் அவன் இலைக்கு மாற்றிக்கொள்வான். காலேஜ் படிக்கிற பையன். அவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

எனக்கு இரைப்பை பைபாஸ் செய்தது 2018 தொடக்கத்தில், கோயம்புத்தூரில். அதற்கு முன் என் எடை வீட்டு மிஷினுக்கே தெரியாது. 130-க்கு மேல் அது காட்டாது. பலாப்பழக் கமிஷன் கடைத் தராசில் ஒரு மத்தியானம் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஏறி நின்றேன். 134. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இதுக்கு வெலை சொல்ல நம்மகிட்ட ஆள் இல்லண்ணே" என்றார். இரண்டு வேளை இன்சுலின், ராத்திரி மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்க ஒரு கருவி, மாடிப்படி ஏறினால் இளைப்பு. அருண் ஜெட்லியே 2014-ல் செய்துகொண்டார் என்று சித்தப்பா தைரியம் சொன்னார். செய்த சில வாரத்தில் ஜெட்லி திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதை அவர் சொல்லவில்லை.

எங்கள் ஊர் கீரமங்கலம் மெய்நின்றநாதர் கோயிலில் 81 அடிச் சிவனுக்கு எதிரே, அவரையே கேள்வி கேட்ட நக்கீரர் நிற்கிறார். அந்த ஊர்க்காரன் என்ற திமிரில் டாக்டரிடம் எல்லாக் கேள்வியும் கேட்டேன். அவரும் ஒன்றையும் மறைக்கவில்லை. மேலே 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் விட்டுவிட்டு, மிச்ச இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் சுற்றிக்கொண்டு சாப்பாடு போகிற மாதிரி இணைத்துவிடுவோம் என்று படம் போட்டுக் காட்டினார். மாத்திரை எத்தனை நாளைக்கு என்றேன். ஆயுசுக்கும் என்றார். சரி என்றேன். காதால் கேட்பது சுலபமாகத்தான் இருந்தது.

சர்க்கரை இறங்கியது. ஊருக்குத் திரும்பி ஒரு மாதத்துக்குள் இன்சுலின் நின்றுவிட்டது. அந்தக் கருவியைத் துடைத்துப் பெட்டியில் போட்டேன். இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் அது பொய்க்கணக்கு. ஸ்வீடனில் 1987-லிருந்து ஆயிரக்கணக்கான பேரைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் சாவு குறைவு என்று 2007-ல் எழுதினார்கள். அதை நான் நம்புகிறேன், என் உடம்பே சாட்சி.

ஆனால் அந்தச் சித்திரையிலேயே வேறொன்று வந்தது. தங்கச்சி வீட்டு விசேஷத்தில் அரைக் கிண்ணம் பாயசம் குடித்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முகத்தில் குப்பென்று வியர்த்தது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, வயிறு கடகடவென்று உருண்டது. கட்டிலைத் தேடிப் போய்ப் படுத்துவிட்டேன். ஹார்ட் அட்டாக் என்று வீடே கூடிவிட்டது. படுத்துக் கிடக்கும்போதுதான் கண்ணுக்குள் தாத்தா வந்தார்.

பொங்கலன்று தாத்தா படுத்திருப்பார். அது எங்கள் வீட்டு வழக்கம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். சர்க்கரைப் பொங்கல் ஒரு உருண்டை வாயில் போடுவார். கொஞ்ச நேரத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக் கயிற்றுக்கட்டிலுக்குப் போய்விடுவார். மாடு அவிழ்த்து விடுகிற சத்தம், குலவைச் சத்தம், எல்லாம் கேட்டபடி கண்ணை மூடிக் கிடப்பார். அப்பத்தா பனை விசிறியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அவருக்கு அறுபதுகளின் கடைசியில் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் குடல்புண் ஆபரேஷன். இரைப்பையில் பாதியை எடுத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். மாத்திரையிலேயே அல்சர் குணமாகாத காலம் அது; வயிற்றைக் கிழித்த தழும்போடு நாலைந்து பெரியவர்களாவது ஒவ்வொரு ஊரிலும் இருப்பார்கள்.

அவருக்கு நடந்ததும் எனக்கு நடந்ததும் ஒன்றுதான். இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் வாசலில் ஒரு தசை உண்டு. உள்ளே போனதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு விடும். அதை எடுத்துவிட்டாலோ சுற்றிப் போனாலோ இனிப்பு மொத்தமாகக் குடலில் கொட்டும். குடல் ரத்தத்திலிருந்து நீரை இழுக்கும்; வியர்வையும் படபடப்பும் அதனால்தான். இது முதல் தவணை. சில பேருக்கு இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது தவணையும் வரும்: இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து சர்க்கரை தடாலென்று இறங்கி, கை நடுங்கி, கண் இருட்டும். எனக்கு இரண்டும் உண்டு. இன்னொன்று படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். உடல் பருமனுக்கு பைபாஸ் என்ற யோசனையே தாத்தா மாதிரி ஆட்களைப் பார்த்து வந்ததுதான். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன், அல்சருக்காக இரைப்பையைக் குறைத்தவர்கள் இளைத்தே இருப்பதைக் கவனித்து 1966-ல் இதைத் தொடங்கினார்.

"சோத்தோட தண்ணி குடிக்காதே. தின்னதும் நடக்காதே, செத்த சாய்ஞ்சுக்க. கொஞ்சமாத் தின்னு, அஞ்சு தடவையாத் தின்னு." தாத்தா இதை எங்களுக்குச் சொல்லும்போது கிழவரின் வறட்டு உபதேசம் என்று நினைத்துக்கொண்டு சொம்பைக் கவிழ்ப்போம். கோயம்புத்தூரில் டயட்டீசியன் பெண் அச்சடித்துக் கொடுத்த தாளில் முதல் மூன்று வரி இதுதான். தாத்தாவுக்கு யாரும் தாள் கொடுக்கவில்லை. அவராக உடம்பைக் கவனித்து, எது ஒத்துக்கொள்கிறது எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். இருபது முப்பது வருஷம் ஒரு புலம்பல் இல்லாமல் அதைக் கடைப்பிடித்திருக்கிறார். அந்த ஆள் இப்போது என் பக்கத்தில் இருந்திருந்தால் எத்தனையோ கேட்டிருக்கலாம்.

2018 ஐப்பசிக் கடைசியில் கஜா புயல் அடித்தது. நவம்பர் 16. அதற்கு முந்தின நாள் வரை வெயில் தரையில் விழாத தோப்புகள். விடிந்தபோது வானம் மட்டும்தான் இருந்தது. தென்னையும் பலாவும் ரோட்டின் குறுக்கே. கரண்ட் வர வாரக்கணக்காகியது. நிவாரண லாரியில் பன்னும் பிஸ்கட்டும் பால் பவுடரும் வரும்; நல்ல மனசோடு வெளியூர்க்காரர்கள் கொண்டுவந்தது. ஆனால் அத்தனையும் இனிப்பும் மைதாவும். எனக்கு ஒன்றும் ஒத்துக்கொள்ளாது. புரதப் பவுடர் தீர்ந்தது, மாத்திரை தீர்ந்தது, கோயம்புத்தூர்ப் பயணம் தள்ளிப்போனது. விழுந்த மரத்து இளநீர்தான் பாதிச் சாப்பாடு. தை பிறக்கும்போது பாதம் இரண்டும் மரத்துப்போய் எரிந்தது. தலைமுடி சீப்போடு வந்தது. யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அந்த வருஷம் ஊரே இளைத்துத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு வாந்தி பிடித்தது. தண்ணீர்கூட நிற்கவில்லை, ஒரு வாரம் தாண்டியும். எங்கள் ஊரில் சோர்வுக்கு ஒரே மருந்து: "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடலாம்." பக்கத்து ஊர் கிளினிக்கில் படுக்கவைத்து ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கைப்பையிலிருந்து லேமினேட் செய்த அந்தத் தாளை எடுத்தாள். "சார், மொதல்ல பி ஒன் ஊசி போட்டுட்டு அப்புறம் பாட்டில் போடுங்க. இதுல எழுதியிருக்கு." டாக்டர் வாங்கி நிதானமாகப் படித்தார். "நல்லவேளை காட்டுனீங்கம்மா" என்றார். பி1 என்கிற தயமின் உடம்பில் சில வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். அது வற்றிக் கிடக்கும்போது வெறும் குளுக்கோஸ் ஏறினால், மிச்சம் இருப்பதையும் அது செலவழித்துவிடும். கண் அலையும், நடை தள்ளாடும், ஞாபகம் போகும். போனது முழுக்கத் திரும்பாமலும் போகலாம். தீட்டின அரிசியைத் தின்றவர்களுக்கு அந்தக் காலத்தில் வந்த பெரிபெரி இதே சத்துக் குறைவுதான். இப்படி ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஒரு பத்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னையில் எடைக்குறைப்பு அறுவைக்குப் போய் இறந்துபோனார். டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த வாரம் முழுக்க என் போன் ஓயவில்லை. "நீ நல்லாருக்கியாப்பா?" "நல்லாருக்கேன் சித்தப்பா." "நல்லவேளை, உனக்கு அப்பவே முடிஞ்சுபோச்சு."

முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மாசம் ஒரு பி12 ஊசி. இரும்பு மாத்திரை காலையில், டீ காப்பிக்குப் பக்கத்தில் இல்லாமல்; கால்சியம் அதிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி, இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும். மூட்டு வலிக்கிறது என்று மெடிக்கலில் போய் டைக்ளோபினாக் வாங்கிப் போட முடியாது; இணைத்த இடத்தில் புண் வரும். ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் உண்டு, பிஎம்ஐ 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் கூடவே சர்க்கரை மாதிரிப் பெரிய நோய் இருந்தால் என்று விதி. மாதாமாதம் வாங்கும் மாத்திரை கைக்காசு. 134-லிருந்து 81-க்கு இறங்கியபோது "ஏதும் பெரிய வியாதியாப்பா?" என்று காதில் கேட்டவர்கள், இப்போது 92 ஆனதும் "ஆபரேஷன் பண்ணியும் ஏறுதே" என்று சத்தமாகவே கேட்கிறார்கள். தராசில் தெரிவதைத்தான் ஊர் பார்க்கும்.

தாத்தா கடைசிக் காலத்தில் வெளுத்துப்போனார். நாக்கு வழவழவென்று சிவந்து, நடக்கும்போது தரையைத் தடவித் தடவிக் கால் வைப்பார். அப்பத்தா ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரையுமாகப் போட்டுப் பார்த்தது. பந்தியில் எனக்குக் கரண்டி கவிழ்க்கிறவரும் அதையேதான் சொல்கிறார்: கறி தின்னா ரத்தம் ஊறும். 1920-களில் அமெரிக்காவில் வில்லியம் காசில் என்ற டாக்டர் ஒரு காரியம் செய்தார். சரியாக வேகாத மாட்டுக்கறியைத் தானே தின்று, ஒரு மணி நேரம் வயிற்றில் ஊறவைத்து வெளியே எடுத்து, ரத்தசோகை நோயாளிகளுக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார். ரத்தம் ஊறியது. அதே கறியைச் சும்மா கொடுத்தால் ஊறவில்லை. இரைப்பையில் சுரக்கும் ஏதோ ஒன்று சேர்ந்தால்தான் கறியில் இருப்பது உடம்பில் சேரும் என்று அதிலிருந்து தெரிந்தது. கறியில் இருந்த அந்தச் சத்துதான் பின்னால் பி12 என்று பெயர் பெற்றது. அருவருப்பான பரிசோதனைதான். ஆனால் பாதி இரைப்பை இல்லாத தாத்தாவுக்கு அப்பத்தா போட்ட ஈரல் ஏன் போதவில்லை என்பது எனக்கு அதைப் படித்துத்தான் விளங்கியது. ஒரு சின்னக் குப்பி, சிவப்புத் தண்ணீர் மாதிரி மருந்து, மாசம் ஒரு தடவை இடுப்பில் போட்டிருந்தால் போதும். அப்போதே அந்த மருந்து இருந்தது.

போன ஆடியில் கொத்தமங்கலம் பக்கத்து விருந்தொன்றில் ஒரு பையன் பந்தியிலிருந்தே என்னைக் கவனித்திருக்கிறான். கை கழுவும் இடத்தில் பிடித்துக்கொண்டான். அவன் அம்மாவுக்குச் சர்க்கரை, 118 கிலோ, டாக்டர் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார். மறுநாளே இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "எத்தனை கிலோ கொறையும்ணே? எத்தனை மாசத்துல?" அவன் போனில் குறித்துக்கொண்டே போனான். அந்தம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. திண்ணையில் இருந்த என் மாத்திரை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ரத்தம் எங்க குடுக்கிறீங்க தம்பி? ஒவ்வொரு தடவையும் கோயம்புத்தூர் போவணுமா, இல்ல இங்கனயே எடுப்பாங்களா?"

இங்கேயே எடுப்பார்கள் என்றேன். பி12-ம் வைட்டமின் டி-யும் வெளியூருக்கு அனுப்புவார்கள், ரிசல்ட் வர ஒன்றிரண்டு நாள் ஆகும். வெறும் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டின் வேண்டும் என்று நீங்களாக வாய் திறந்து கேட்க வேண்டும். அந்தம்மா மகனைத் திரும்பிப் பார்த்து, "அதை எழுதுடா" என்றார்.