கோழி இருமினால் யாருக்குக் கேட்கும்?

கான்சாபுரம் மாதிரி ஊர்களில் கொல்லையில் நாலு கோழி வளர்ப்பவர்களுக்கு வெள்ளைக்கழிச்சலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நேற்று வரை குப்பையைக் கிளறிய கோழி இன்று இறக்கை தொங்கி ஒரு மூலையில் தூங்கி விழும். தடுப்பூசி போடாத கூட்டம் என்றால் மிஞ்சுவது சந்தேகம்தான். உத்தரகண்டில் உள்ள ராணிக்கேத் என்ற ஊரின் பெயரையும் இந்த நோய்க்கு வைத்திருக்கிறார்கள், பாவம் அந்த ஊர்!

நாலு கோழி என்றால் முகம் பார்த்தே சொல்லிவிடலாம். பல்லடம், நாமக்கல் பக்கம் ஒரே கொட்டகையில் ஐயாயிரம், பத்தாயிரம் என்று நிற்கிறதே, அங்கே யார் முகத்தைப் பார்ப்பது? அதுவும் கோழி தன் நோயை முடிந்த வரை மறைக்கும். அது வெளியே தெரியும்போது பக்கத்துக் கோழிக்கும் ஒட்டியிருக்கும்.

இங்கேதான் சென்சார் வருகிறது. பெரிய மந்திரம் எதுவும் இல்லை. முதல் வாரக் குஞ்சுக்கு 33 முதல் 35 டிகிரி சூடு வேண்டும். குளிர்ந்தால் விளக்கடியில் குவியும், சூடு கூடினால் விலகி ஓடும். பழகிய பண்ணைக்காரர் இதைக் கண்ணாலேயே படிப்பார். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அவரும் தூங்க வேண்டுமே! அம்மோனியா இன்னும் மோசம். தினமும் கொட்டகையில் நிற்பவரின் மூக்கு அந்த நெடிக்குப் பழகிவிடும். 25 பிபிஎம் தாண்டினால் கோழியின் கண்ணும் மூச்சுக்குழாயும் கெடும், அவருக்கோ வாசனையே தெரியாது. கருவிக்கு அந்தப் பழக்கதோஷம் கிடையாது.

இருப்பதிலேயே எளியது தண்ணீர் மீட்டர். நோய் வந்த கோழிகள் சாவதற்கு முன்பே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும். நேற்றைய கணக்கையும் இன்றைய கணக்கையும் ஒப்பிட்டாலே மணி அடித்துவிடும். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் ஒருபடி மேலே போய், மைக் வைத்துக் கோழிகளின் சத்தத்திலிருந்தே மூச்சு நோயைக் கண்டுபிடிக்க முயன்றார்கள். நம்ம ஊர்த் திறந்த கொட்டகையில் காக்கா சத்தத்தையும் டிராக்டர் சத்தத்தையும் கழித்துவிட்டு அதைக் கேட்பது லேசான வேலை இல்லை.

எந்தக் கருவியும் நோயின் பெயரைச் சொல்லாது. "ஏதோ சரியில்லை" என்று மட்டும் சொல்லும். செத்த கோழியை அறுத்துப் பார்க்கக் கால்நடை மருத்துவர்தான் வேண்டும். ஆனாலும் ஒரு நாள் முன்னால் தெரிவது சின்ன விஷயமில்லை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, ஒரு கோழிகூடச் சாகாத ஊர்களிலும் ஜனங்கள் முட்டையை ஒதுக்கினார்கள்.

சரி, காசு யார் கொடுப்பது? ஒப்பந்தப் பண்ணை முறையில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. கொட்டகை, கரண்டு, உழைப்பு விவசாயியுடையது. சென்சார் கொட்டகைச் செலவு என்று விவசாயி தலையில் விழுந்தால், கம்பெனியின் கோழியைக் காப்பாற்ற அவர் கடன் வாங்க வேண்டும். கோழி செத்தால் வளர்ப்புக்கூலி குறைவதால் அவருக்கும் லாபம் உண்டுதான், ஆனால் எந்தப் பங்கு யாருக்கு? ஒப்பந்தத்தாளில் அதற்கு ஒரு வரி எழுதிவிட்டு அப்புறம் கருவியை மாட்டலாமே.