ரவையின் விலை

ரவை விலை ஏறிவிட்டது என்று எழுதத் தொடங்கினால், எமது வாசகர்களிற் பெரும்பாலோர், சிறப்பாக இல்லத்தரசியர், உப்புமாவுக்கும் சொஜ்ஜிக்கும் நாம் வாங்கும் ரவையையே நினைத்துக்கொள்வர். அந்த ரவையும் விலையேறித்தான் இருக்கிறது. அதனைப் பற்றிப் பிறிதொரு கிழமை எழுதலாம். இக்கிழமை நாம் எழுத முற்படுவது துவக்கினுள் இடும் ரவையைப் பற்றி. அகதிகளின் பத்திரிகையில் இப்படியும் ஒரு விடயமா என்று முகஞ்சுளிப்போர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஒஸ்லோவில் வாழும் எம்மவர் குடும்பங்கள் சிலவற்றில் இது சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டது. எம் வீட்டிலும் வந்துவிட்டது.

துவக்கை நோர்வேஜியர் பார்க்கும் பார்வை வேறு, எமது பார்வை வேறு. எண்பதுகளில் எம்மவர் பலர் வடக்கே ஃபின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் சென்றபோதே இதனைக் கண்டுகொண்டனர். உடன் வேலை செய்பவரின் வீட்டுக்குக் கோப்பி குடிக்கப் போனால் அங்கே வேட்டைத் துவக்கு ஒன்று இருக்கும். மண்வெட்டியைப் பற்றி நாம் எவ்வளவு பேசுவோமோ அவ்வளவுதான் அவர்களும் அதைப் பற்றிப் பேசுவர். எமக்கோ துவக்கு என்பது எவனோ ஒருவனின் தோளில் தொங்கியபடி சந்தியில் நின்று அடையாள அட்டை கேட்பது. முந்திய காலத்தில் வன்னிக் கமக்காரரிடமும் துவக்கு இருந்ததுதான். கச்சேரியில் அனுமதிப்பத்திரம் பெற்று, பன்றிக் காவலுக்காக வைத்திருந்தனர். தோட்டா எண்ணிக்கையாகத்தான் கிடைக்கும் என்பதால், வெடி வைப்பதற்கு முன் பத்துத் தரம் யோசிப்பர். பின்னர் அத்துவக்குகளிற் சிலவற்றை அரசு வாங்கிக்கொண்டது, சிலவற்றை இயக்கங்கள் வாங்கிக்கொண்டன. அத்துடன் எம் மண்ணில் துவக்குக்கு இருந்த ஒரேயொரு சாதுவான வேலையும் இல்லாமற் போயிற்று.

இந்நாட்டிலோ துவக்குச் சுடுதல் ஊர்ச் சங்கங்களின் பொழுதுபோக்கு. தொண்டர் சுடுநர் அமைப்பு என நாம் தமிழில் அழைக்கத்தக்க அமைப்பை நோர்வேப் பாராளுமன்றம் 1893 இல் நிறுவியது. அப்போது நோர்வே சுவீடனுடன் ஒரே முடியின் கீழ் இருந்தது. குடியானவனும் குறிபார்க்கத் தெரிந்திருந்தால் நாட்டைக் காக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். 1905 இல் இரு நாடுகளும் ஒரு வெடியும் தீராமற் பிரிந்துகொண்டன (எம் நாட்டு அரசியல்வாதிகள் படிக்க வேண்டிய பக்கம் அது). பிரிந்த பின்னும் கழகங்கள் கலையவில்லை. இன்றும் மாரிகாலத்தில் பாடசாலைச் சிறுவர் உள்ளரங்குகளில் 15 மீற்றர் தூரத்து இலக்கை நோக்கி .22 என்னும் சிறு ரவையைச் சுட்டுப் பழகுகின்றனர்.

எமது பதினான்கு வயது மகள் வகுப்புத் தோழியுடன் ஒருநாள் அங்கே போய் வந்து, தானும் சேர வேண்டும் என்றாள். எம்மில் தாயானவர் ஒரு மாதம் மறுத்தார்.

"உந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே பிள்ளை இஞ்ச ஓடி வந்தனாங்கள்."

"ஓம் அம்மா. ஆனா நான் ஓடி வரேல்லையே, நான் இஞ்ச பிறந்தனான்."

இதற்கு மறுமொழி எம்மிடம் இருக்கவில்லை. தாயின் அச்சம் பழைய அச்சம் மட்டுமன்று என்பதையும் இங்கு சொல்லிவைக்க வேண்டும். 2011 யூலை 22 இல் ஊத்தோயா தீவில் 69 பேரைக் கொன்றவன் உரிமம் பெற்றே துவக்கு வைத்திருந்தான். யாழ்ப்பாணத்திற் பிறந்து மூன்று வயதில் இந்நாட்டுக்கு வந்த கம்ஷாயினி குணரத்தினம் அன்று நீந்தித் தப்பியவர். பின்னர் ஒஸ்லோவின் துணை நகரபிதாவாகி, 2021 இல் பாராளுமன்றத்துக்கும் தெரிவானார். ஆகவே இவ்விடயத்தில் எந்தத் தாயின் தயக்கத்தையும் எவரும் பட்டிக்காட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. எனினும் இறுதியில் மகள் சேர்ந்தாள். துவக்கும் ரவையும் கழகத்தின் இரும்புப் பெட்டகத்திலேயே இருக்கும், வீட்டுக்கு ஒன்றும் வராது என்பது உடன்படிக்கை. அவள் உள்ளே சுடுகையில் தாயானவர் வெளியே காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருப்பார்.

இவ்வளவும் முடிந்து ஒருவாறு மனம் ஆறியிருந்த வேளையில்தான் விலைப் பிரச்சினை தலைதூக்கியது. கழகத்தின் களஞ்சியப் பொறுப்பாளர் பெற்றோரை அழைத்து, பிள்ளைகளிடம் அறவிடும் ரவைப் பணத்தைக் கூட்ட வேண்டியுள்ளது, கேட்டளவு பெட்டிகள் வருவதுமில்லை என்று கையை விரித்தார். கடமான் வேட்டைக்குப் போகும் எம் நண்பர் ஒருவரும் அதே கதையைச் சொன்னார். பெரிய விலங்கு வேட்டைக்குப் போவோர் ஆண்டுதோறும் 30 வெடி பயிற்சியாகச் சுட்டு, அதன்பின் 100 மீற்றரில் ஐந்து வெடியும் இலக்கினுள் விழச் செய்து சித்தியடைய வேண்டும். காட்டில் ஒரு கடமானுக்கு ஒரு வெடி போதும். ஆனால் அந்த ஒன்றுக்காக முப்பத்தைந்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அவர் போன கடையில் ஆளுக்கு இத்தனை பெட்டிதான் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்களாம்.

ஏன் இந்த நிலை? முதலாவது அலை 2020 இல், கொரோனாக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே மக்கள் மாவும் மலசலகூடக் கடதாசியும் வாங்கிக் குவித்தது போலத் துவக்கும் ரவையும் வாங்கிக் குவித்தனர். அவ்வாண்டிலேயே ரெமிங்ரன் என்னும் பழம்பெரும் கம்பனி வங்குரோத்தானது. அந்தத் தட்டுப்பாடு தீர முன்னரே 2022 பெப்ரவரி 24 இல் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய அரசுகள் தம் ஆயுதக் களஞ்சியங்களைத் திறந்து பார்த்தபோது, அவை நினைத்திருந்ததைவிட வெறுமையாகக் கிடந்தன. பன்னிரண்டு மாதத்தில் உக்ரேனுக்குப் பத்து இலட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவோம் என்று 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் வாக்களித்தது. தவணை முடிந்தபோது வாக்கு நிறைவேறியிருக்கவில்லை.

பீரங்கிக் குண்டுக்கும் எம் பிள்ளை சுடும் சிறு ரவைக்கும் என்ன தொடர்பு என்று நாமும் கேட்டோம். தொடர்பு பருத்தியில் இருக்கிறது. பருத்தி விதையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குறும்பஞ்சை அமிலத்தில் இட்டுப் பதப்படுத்தினால் வருவது நைத்திரோசெலுலோசு. புகையற்ற வெடிமருந்தின் அடிப்படை அது. நகப்பூச்சிலும் அதுவே இருக்கிறது. அப்பஞ்சுக்கு ஐரோப்பா பெரிதும் சீனாவையே நம்பியிருந்தது. பெரிய பீரங்கிக் குண்டொன்றை முழு வீச்சில் உந்தித் தள்ளப் பத்துக் கிலோவுக்கு மேலான மருந்து வேண்டும். சிறுவர் சுடும் ரவையில் இருப்பதோ கிராமில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. மருந்தின் வகை வேறாயினும் மூலப்பொருள் ஒன்றே. கணக்குப் பார்த்தால் உக்ரேனில் வெடிக்கும் ஒரு குண்டின் மருந்துக்குள் எம் கழகத்துப் பிள்ளைகளின் ஓர் இலட்சம் வெடி அடங்கிவிடுகிறது.

ஒஸ்லோவுக்கு வடக்கே ரௌஃபொஸ் என்னும் ஊரில் 1896 முதல் வெடிபொருட் தொழிற்சாலை உண்டு. அதனை இன்று நடத்துவது நம்மோ என்னும் கம்பனி. அதிற் பாதி நோர்வே அரசினுடையது, மறுபாதி பின்லாந்தின் பத்ரியா நிறுவனத்தினுடையது. பின்லாந்தின் லப்புவா ரவைத் தொழிற்சாலையும் வீத்தாவுவோரி மருந்துத் தொழிற்சாலையும் அதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆகவே படைகளுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் ஊற்று ஒன்றேயாகிறது. 2023 மார்ச்சில் அக்கம்பனியின் தலைவர் வெளியிட்ட முறைப்பாடு உலகப் பத்திரிகைகளில் வந்தது. தொழிற்சாலையை விரிவாக்க வேண்டிய மின்சாரம் கிடைக்கவில்லையாம். அப்பகுதியில் எஞ்சியிருந்த மின்சாரம் ரிக்ரொக்கின் தரவு நிலையத்துக்குப் போகிறதாம். பூனைப் படங்களைச் சேமித்து வைப்பதற்காகத் தம் வளர்ச்சி தடைப்படுகிறது என்றார். இதனை மகளுக்குச் சொன்னோம். கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது யோசித்தாள். பிறகு மறுபடி எடுத்துக்கொண்டாள்.

இவற்றோடு குரோணரும் மெலிந்தது. 2022 தொடக்கத்தில் ஒரு யூரோவுக்குப் பத்துக் குரோணர் அளவில் கொடுத்த நாம், 2023 நடுப்பகுதியில் பன்னிரண்டை நெருங்கிக் கொடுத்தோம். லப்புவாப் பெயரில் வரும் .22 ரவை ஜேர்மனியின் ஷோனபெக்கில் செய்யப்படுவது. இன்னொரு புகழ்பெற்ற ரவையான நோர்மா சுவீடனின் ஓமூட்ஃபொஸ்ஸிலிருந்து வருவது. எல்லை தாண்டி வரும் பொருள் எதுவாயினும் மெலிந்த குரோணரிலேயே வாங்க வேண்டியிருக்கிறது.

எம் வீட்டுக் கணக்கு இது: ஒரு மாலைக்கு நாற்பது வெடி, கிழமைக்கு இரண்டு மாலை, பருவத்துக்கு முப்பது கிழமை. மொத்தம் 2400 ரவை. ரவையொன்றுக்கு அரைக் குரோணர் கூடினாலே 1200 குரோணர் மேலதிகம். பரதத்துக்கும் வயலினுக்கும் எம்மவர் இதனிலும் பன்மடங்கு செலவழிப்பர். அங்கே எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒன்றுகூடலொன்றில் ஒரு பெரியவர், "காசைக் கரியாக்குவது என்பார்கள், நீங்கள் புகையாக்குகிறீர்கள்" என்றார். எல்லோரும் சிரித்தனர்; நாமும் சிரித்தோம்.

ஆனால் எம்மை உறுத்துவது காசு மட்டுமன்று. 1990 இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தபோது யூரியாவைத் தடுத்தனர். பயிருக்கு இடும் உரம் வெடிமருந்தாகலாம் என்றனர். பற்றரி இல்லை, சீமெந்து இல்லை. மண்ணெண்ணெயை ஜாம் போத்தலில் ஊற்றித் துளித்துளியாக எரித்துப் படித்த தலைமுறை எம்முடையது. ஒரே பொருளுக்குப் போர் ஒருபுறமும் வீடு மறுபுறமும் நின்று கையை நீட்டினால், எது முதலிற் பெற்றுக்கொள்ளும் என்பது எமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதன்று. இங்கே நோர்வேஜியப் பெற்றோர் இதனைப் பற்றாக்குறை என்கையில் எமக்கு அந்தச் சொல் சற்றுப் பெரிதாகப் படுகிறது. அது அவர்கள் குற்றமன்று.

எம் கழகத்தில் இப்போது உக்ரேனிலிருந்து வந்த குடும்பமொன்றும் இருக்கிறது. அவர்களுடைய மகனும் சுடப் பழகுகிறான். விலையேற்றம் பற்றிய கூட்டத்தில் அந்தத் தாய் ஒரு சொல்லும் பேசவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் கிடைக்காத ரவை எங்கே போகிறது, அங்கே அதன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். கூட்டம் முடிந்த பின் எம்மில் தாயானவர் அவருக்குத் தேநீர் எடுத்துக் கொடுத்தார். இருவருக்கும் இருந்த பொதுமொழி அரைகுறை நோர்ஸ்க். அன்று முதல் அந்தத் தாயும் எமது காருக்குள் வந்திருக்கிறார், கண்ணாடியை ஏற்றிவிட்டு.

கழகம் ஒரு வழி கண்டது. மாலைக்கு நாற்பது வெடி இருபத்தைந்தாயிற்று. மீதியை வெறுந்துவக்கால் பழக வேண்டும். ரவை இல்லாமலே படுத்து, மூச்சை அடக்கி, குறிபார்த்து, விசையை அழுத்துவது. பயிற்றுநர் சொல்வதைப் பார்த்தால் நல்ல சுடுநர் எக்காலத்திலும் இப்படித்தான் பழகியிருக்கின்றனர். தேசியப் போட்டியில் முதலிடம் பெறுபவருக்குங்கூட இறுதிக் கணக்கில் சேர்வது 35 வெடி மட்டுமே. மகள் முதலில் முணுமுணுத்தாள். இப்போது ஒவ்வொரு வெடிக்கும் முன் நெடுநேரம் எடுக்கிறாள்; வன்னிக் கமக்காரர் நினைவுக்கு வருகிறார். பெரியவர்கள் தம் பெரிய ரவையின் பித்தளைக் கோதைப் பொறுக்கி மருந்து நிரப்பி மறுபடி சுடுகின்றனர். ஆயினும் அந்த மருந்துக்கும் அதே தட்டுப்பாடு. சிறு .22 கோதை மறுபடி நிரப்ப வழியில்லை. அதனைக் கூட்டிப் பழைய பித்தளையாக விற்கின்றனர்.

பெற்றோர் சிலர் சேர்ந்து கழகத்தின் பெயரில் மொத்தமாக ரவை எடுப்பிப்பது என்றும் முடிவாகியுள்ளது. முற்பணத்தை மாதாமாதம் கட்ட வேண்டும். எம்மவர்க்குச் சீட்டுப் பிடித்த பழக்கம் இருப்பதால் கணக்கை எம்மிடமே ஒப்படைத்துவிட்டனர். இதுவரை ஒன்பது குடும்பங்கள் கட்டியுள்ளன, இரண்டு குடும்பங்கள் இம்மாதப் பணம் தர வேண்டியிருக்கிறது. பெட்டிகள் ஐப்பசிக்குள் வந்து சேர்ந்தால் பிள்ளைகளுக்குத் தை மாதம் வரை போதும்.