செங்கல்லில் சுற்றிய கம்பி

போன மாசி மாசம் இன்குபேட்டர்ல 42 நாட்டுக்கோழி முட்டை வச்சிருந்தேன். பதினெட்டாம் நாள் காலையில தெர்மாமீட்டரைப் பார்த்தா 31 டிகிரி. இருக்க வேண்டியது 37.5. இன்னும் மூணு நாள்ல பொரிய வேண்டிய குஞ்சுகள். ஒரு முட்டையை உடைச்சுப் பார்த்தேன். இறகு முளைத்த குஞ்சு, அசைவில்லை.

அதில் பாதி முட்டை பக்கத்து வீட்டுப் பெரியம்மா நம்பிக் கொடுத்தது. "எங்கிட்ட இருந்திருந்தா கோழியே பொரிச்சிருக்கும்டா" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. அதுதான் வலித்தது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. எங்க ஊர்ல நாள்கணக்கா கரண்ட் இல்லை. அதுக்கப்புறம்தான் இன்குபேட்டரை 12 வோல்ட்டுக்கு மாற்றினேன். ஆட்டோ இண்டிகேட்டர் பல்பு இரண்டு, ஒரு சின்ன ஃபேன். கரண்ட் போனால் டிராக்டர் பேட்டரி, இருந்தால் திண்டிவனத்தில் வாங்கிய அடாப்டர். அதன்மேல் "12 வோல்ட், 5 ஆம்பியர்" என்று எழுதியிருந்தது. 21 வாட் பல்பு இரண்டும் ஃபேனும் சேர்ந்தாலே 4 ஆம்பியரைத் தாண்டாது. அப்புறம் ஏன் இப்படி?

மல்டிமீட்டர் வைத்தால் 12.1 காட்டியது. சும்மா நிற்கிற மாட்டைப் பார்த்து எவ்வளவு இழுக்கும்னு சொல்ல முடியுமா? ஏரில் பூட்டிப் பார்க்கணும்.

முதலில் டிராக்டர் ஹெட்லைட் பல்பைப் பூட்டினேன். அடாப்டர் விட்டுவிட்டுத் துடித்தது. விழுப்புரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற அண்ணனிடம் கேட்டேன். "ஆறின பல்புக்கு ரெசிஸ்டன்ஸ் பத்துல ஒரு பங்குதான் தம்பி. போட்டவுடனே பத்து மடங்கு இழுக்கும், நல்ல சப்ளை கூட மிரளும். அடுப்புக் கம்பி வை, அது சூட்டுல அவ்வளவா மாறாது" என்றார்.

1000 வாட் கரண்ட் அடுப்பு காயில் சுமார் 53 ஓம். பதினோரு பங்கில் ஒரு துண்டு 4.8 ஓம். 12 வோல்ட்டில் அது 2.5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு துண்டைச் செங்கல்லில் தனித்தனியாகச் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். இரண்டையும் போட்டால் 5 ஆம்பியர், 60 வாட். கம்பியில் கை வைக்க முடியாது. அதனால் வைக்கோல் பக்கம் போகாமல் களத்து மண்ணில் வைத்தேன்.

ஒரு சுவிட்ச் போட்டதும் 11.8. இரண்டாவதையும் போட்டதும் 11.2. இருபது நிமிஷத்தில் 8.9-க்கு இறங்கி, தீய்ந்த வாசனை வந்தது. அன்னைக்கு ராத்திரியும் இப்படித்தான் மெல்ல மெல்ல இறங்கியிருக்கும். நாங்க தூங்கிட்டோம்.

இப்போது 10 ஆம்பியர் சப்ளை வாங்கி, முட்டை வைக்கும் முன்பே ராத்திரி முழுக்கச் செங்கல்லில் பூட்டி விட்டேன். விடியும்போது 11.9.

இன்னைக்கு ஒன்பதாம் நாள். பெரியம்மா இந்தத் தடவை பத்து முட்டைதான் கொடுத்தார். இன்னொரு பத்தை அடைக்கோழிக்கு வைத்திருக்கிறார். அவரும் சோதித்துத்தான் பார்க்கிறார்.