பிட்டுப் பதம்

மே 4, 2025, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் இன்று தொடங்கிற்று. ஆனையூர்க் கண்மாய்ப் பக்கமிருந்து விடியலில் வரும் சொற்பக் காற்றும் நின்றுபோன வேளையில், என் தங்கை மகன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, “மாமா, ஒரு திட்ட அறிக்கை எழுதித் தரணும், பேங்க்ல கேக்குறாங்க” என்றான். வங்கியின் கடன் பிரிவில் முப்பத்தோரு வருஷம் உத்தியோகம் பார்த்த காலத்தில் அரிசி ஆலைக்கும், கோழிப் பண்ணைக்கும், செங்கல் சூளைக்கும் எழுதப்பட்ட அறிக்கைகள் எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கின்றன. கூரைக்குள் மோட்டோகிராஸ் தடம் அமைக்கிறேன் என்று கேட்டு ஒருவரும் வந்ததில்லை.

கூடல்நகர் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், முன்பு நெல் மூட்டை அடுக்கியிருந்து நாலு வருஷமாய்ப் பூட்டிக் கிடக்கும் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் மண்ணைக் கொட்டி, மேடும் பள்ளமும் வளைவும் அமைத்து, மண்ணில் ஓடும் மோட்டார் சைக்கிள்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவது அவன் உத்தேசம். ரிங் ரோட்டில் இரவு பதினொரு மணிக்குமேல் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கும் பிள்ளைகளில் இவனுடைய கூட்டாளி ஒருவன் போன வருஷம் விழுந்து, இன்றும் கோல் ஊன்றி நடக்கிறான். அந்தத் துக்கத்தில் பிறந்த யோசனை இது என்பதை அறிந்திருந்தபடியால், முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மத்தியானம் முழுவதும் விஷயத்தைப் படித்தேன். 1924-இல் இங்கிலாந்தில் கேம்பர்லி என்னும் ஊரின் கரட்டு வெளியில் நடந்த பந்தயத்தை இந்த விளையாட்டின் பிறப்பாகச் சொல்கிறார்கள். காட்டிலும் மேட்டிலும் நடந்ததை நகரத்து ஜனங்கள் நாற்காலியில் அமர்ந்து பார்க்கும்படி அரங்குக்குள் நடத்திப் பெரும் பேர் வாங்கியது 1972-இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து கொலிசியத்தில். அன்று ஜயித்த மார்ட்டி டிரைப்ஸுக்கு வயது பதினாறு. பாரிஸ் நகரத்துப் பெர்சி அரங்கில் 1984-இல் கூரைக்குக் கீழேயே ஓட்டிக் காட்டினார்கள். நம் பக்கத்திலோ, சோழவரத்து யுத்தகால விமானத் தளத்தில் பந்தயம் வளர்த்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இலேயே தோன்றி, பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே கட்டிக்கொண்டது. கோயம்புத்தூருக்கும் செட்டிபாளையத்தில் ஒரு தடம் உண்டு. மோட்டார்த் தொழிலுக்கே பெயர்போன மதுரைக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

மே 6, செவ்வாய்

கொட்டகையை அளந்துவிட்டு வந்தோம். நீளம் 200 அடி, அகலம் 100 அடி, நடுவில் தூண் கிடையாது. பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே வெப்பமானி 39 டிகிரி காட்டியது. உள்ளே கால் மணி நேரம் வைத்துப் பார்த்தபோது 44.

குளிர்தேசத்தார் இப்படிப்பட்ட தடத்துக்குக் கூரை போடுவது பனியிலிருந்து தப்ப. நாலைந்து மாதம் வெளியே மண் உறைந்து கிடக்கும்போது, உள்ளே வந்து ஓட்டுவதற்கு அவர்கள் மனமுவந்து பணம் கொடுப்பார்கள். நமக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் வெளித்தடம் சேறாகும்போது கூரை உதவும் என்பது மெய்தான். ஆனால் மாசி முதல் ஆடி வரை அதே தகரம் அடுப்பின்மேல் கவிழ்த்த சட்டியாகிவிடும். ஆகையால் காலை ஆறு முதல் ஒன்பது வரை மூன்று மணி, மாலை நாலு முதல் ஒன்பது வரை ஐந்து மணி, இந்த எட்டு மணி நேரமே விற்பனைக்கு உரியது; நடுப்பகலுக்கும் வாடகை கொடுப்போம், வருமானம் வராது. கூரையின்மேல் காற்றில் தானே சுழலும் வென்டிலேட்டர்களும், சுவரின் இரு முனையிலும் பெரிய விசிறிகளும் தவிர்க்க முடியாத செலவு என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தேன்.

மே 7, புதன்

இன்று மண்கணக்கு. வண்டி ஏறாத ஓரங்களையும், ஆட்கள் நிற்கும் இடத்தையும் கழித்து 15,000 சதுர அடியில் மண் பரப்பினால், மேடுகளையும் சேர்த்துச் சராசரி ஒன்றரை அடி உயரம் என்று வைத்து 22,500 கன அடி, அதாவது 225 யூனிட். கொட்டிய மண் அமுங்கிச் சுருங்குமாதலால் நாலில் ஒரு பங்கு கூட்டினால் 281 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் 94 நடை. அமெரிக்க விளையாட்டரங்கங்களில் ஒரு பந்தயத்துக்குச் சுமார் 500 லாரி மண் அடித்து, ஆட்டம் முடிந்ததும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். நமக்கோ, ஒரு முறை வந்த மண்ணே வருஷக்கணக்கில் உழைத்தாக வேண்டும்.

எந்த மண் என்பதில்தான் காரியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் வெடித்துப் பாளமாகும். வடக்கே கிடைக்கும் செம்மண்ணும் சரளையும் தனியே நின்றால் புழுதியாய்ப் பறந்து, கூரைக்குள் முன்னே போகிறவன் பின்னே வருகிறவன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். செம்மண்ணோடு கண்மாய்க் களியை அளவறிந்து கலந்தால்தான், குதித்து இறங்கும் வண்டியைத் தாங்குகிற உறுதியும், விழுகிறவன் எலும்பைக் காக்கிற மிருதுவும் சேர்ந்து வரும். எந்த மண்ணுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்; கனிமவளத் துறைக்குச் செலுத்தும் தொகையையும், சீட்டு வரும்வரை காத்திருக்கும் காலத்தின் வாடகையையும் கணக்கில் சேர்க்கச் சொன்னேன்.

மே 10, சனி

அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரைக்குப் போய், 2024 ஜனவரி 24-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கத்தைப் பார்த்து வந்தோம். 66 ஏக்கர் நிலம், சுமார் 5,000 பேர் அமரும் இடம். அரசாங்கத்தின் கை தாங்குவதால், ஜல்லிக்கட்டில்லாத மாதங்களில் அது அமைதியாக நிற்கலாம். கடன் வாங்கிக் கட்டிய கொட்டகை ஒரு மாதமும் அப்படி நிற்க முடியாது. இது தெரிந்த விஷயம். எனக்குப் புதிதாகத் தெரிந்தது வேறு. வாடிவாசலுக்கு முன்னே, மாடு பிடிக்கிறவர்கள் விழுந்தாலும் அடிபடாமலிருக்கத் தேங்காய் நார்க் கழிவைத் தடிமனாகப் பரப்புகிற வழக்கம் நமக்குப் பழகிப்போனது. அதே நார்க் கழிவைக் களிமண்ணில் சிறிது சேர்த்தால் ஈரம் சீக்கிரம் வற்றாது என்று தங்கை மகன் சொன்னான். அயல்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னதல்ல. மாடித்தோட்டம் போடுகிற என் தங்கையிடமிருந்து கற்றது. அவன்மீது எனக்கு மதிப்பு உண்டானது அந்த நிமிஷத்தில்தான்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கிய நாள். அறிக்கையைத் தொடவில்லை.

மே 14, புதன்

புகை. பெட்ரோல் எஞ்சினின் புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியில் தொடங்கி மயக்கத்தில் முடியும். ஆறு வண்டி ஒரே நேரத்தில் உறுமும் கொட்டகையில் விசிறி நின்றுபோனால், ஓட்டுகிறவனுக்கு மட்டுமல்ல, வரம்போரம் நின்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கும் அபாயம். மின்சாரம் போனால் வண்டியும் நிற்க வேண்டும் என்பதை ஒரு விதியாகவே எழுதினேன்; அந்த வாயுவை அளந்து மணியடிக்கும் கருவி நாலு மூலைக்கும் நாலு என்று சேர்த்தேன். சத்தமும் அப்படித்தான்: தகரம் அதை அடக்காமல் பெருக்கிவிடும், சுற்றிலும் குடியிருப்பு. ஆனையூர் தனி நகராட்சியாக இருந்த காலத்தில் அங்கே வயலும் கருவேலமும்தான். 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு வீடுகள் சுவரை ஒட்டியே வந்துவிட்டன.

இரண்டுக்கும் ஒரே மருந்து மின்சார வண்டி. ஸ்பெயின் தேசத்தில் 2021-இல் வெளியான ஸ்டார்க் வர்க், எஞ்சின் வண்டிகளோடு சமமாக ஓடக்கூடியது என்று பெயர் வாங்கியிருக்கிறது. ஆனால் விலை? 2024 நவம்பரில் கேடிஎம் நம் நாட்டில் விற்பனைக்கு விட்ட 250 எஸ்எக்ஸ்-எஃப் என்னும் பெட்ரோல் வண்டியே 9.58 லட்சம் ரூபாய். அந்தப் பணத்துக்கு எக்ஸ்பல்ஸ் போன்ற உள்நாட்டு வண்டி ஆறு வாங்கிவிடலாம். பெரியவர்களுக்கு உள்நாட்டு வண்டி ஆறு, பிள்ளைகளுக்குச் சிறிய மின்சார வண்டி சில என்று தீர்மானித்தோம்.

மே 18, ஞாயிறு

கணக்கு உட்கார்ந்தது, அதோடு என் மனமும் சற்றே உட்கார்ந்துபோயிற்று.

தடத்தில் ஒரு நேரத்தில் ஆறு பேருக்குமேல் விடலாகாது. எட்டு மணி நேரத்துக்கு 48 ஆள்-மணி. செவ்வாய்க்கிழமை மண் திருத்த விடுமுறை, ஞாயிறு நிரம்பும், மற்ற ஐந்து நாளும் மூன்றில் ஒரு பங்கு நிரம்பினால் வாரத்துக்கு 128 ஆள்-மணி. மணிக்கு 600 ரூபாய் வீதம் நாலு வாரத்துக்கு 3,07,200 ரூபாய். கொட்டகை வாடகை 90,000, சம்பளம் 1,15,000, மின்சாரமும் தண்ணீரும் 40,000, வண்டி ரிப்பேரும் டயரும் 60,000, 40 லட்சம் கடனுக்கு 11 சதவிகித வட்டியில் ஏழு வருஷத் தவணை சுமார் 68,500. மொத்தம் 3,73,500. மாதம் பிறந்தால் 66,300 ரூபாய் துண்டு விழும்.

மணிக்குக் கட்டணத்தை உயர்த்தலாமே என்றான். 600 ரூபாயே ஐந்தாறு பேர் பங்கு போட்டுக்கொள்ளும் டர்ஃப் மைதானத்து வாடகைக்கு நிகரானது. அதையும் இங்கே ஒருவனே கொடுக்க வேண்டும். பந்தயம் நடத்தி டிக்கெட் விற்கலாமே என்றான். 2024-இல் இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக் புனே, ஆமதாபாத், பெங்களூரு என்று மூன்று நகரங்களில் நடந்தது. அயல்நாட்டு வீரர்கள் வந்தார்கள். விளம்பரதாரர்களின் பலத்தில் நடக்கும் அம்மாதிரி விழா நம் இருநூறடிக் கொட்டகைக்குள் அடங்காது.

காப்புறுதிச் சங்கதி இதைவிடக் கடினம். நம் நாட்டு மோட்டார் பாலிசிகள் பந்தயத்தையும் வேகப் பரிசோதனையையும் விலக்கிவிடுகின்றன. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவன் பொது இடத்தில் இம்மாதிரி வண்டி ஓட்டுவதற்குத்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் தடை. மதிலுக்குள் அவனுக்குக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் ‘அபாயம் என்னுடையது’ என்று அந்தப் பிள்ளை எழுதும் சீட்டு, 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின்படி காகிதத்துக்குக்கூடப் பெறாது. பெற்றோர் கையெழுத்திட்டாலும் நம் கவனக் குறைவுக்கு அது கவசமாகாது. தலைக்கவசம், கழுத்துப்பட்டை, மார்புக் காப்பு, முழங்கால் காப்பு எல்லாம் நாமே கொடுத்து, அணியாதவனைத் தடத்தில் இறக்காமலிருப்பதே கைக்கெட்டும் முதல் காப்புறுதி.

வழி ஒன்று தென்பட்டது சாயங்காலத்தில். 2015-இல் டாக்கர் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ், பெங்களூருக்குக் கிழக்கே பிக் ராக் என்னும் மண்தடத்தைப் பயிற்சிக்கூடமாகவே நடத்துகிறார். ஓட்ட வருகிறவனுக்கு நேரத்தை விற்பதோடு நில்லாமல், எப்படி நிற்பது, எப்படி விழுவது, எப்படித் திரும்புவது என்று வித்தையை விற்கிறார்கள். நமக்கும் வார நாட்களில் காலியாய்க் கிடக்கும் நேரத்தில் இருபது பிள்ளைகள், மாதம் ஆளுக்கு 4,000 ரூபாய் என்று சேர்ந்தால் 80,000. பற்றாக்குறை நீங்கி 13,700 மிஞ்சுகிறது. ரிங் ரோட்டுப் பையன்களில் பத்துப் பேரையாவது இந்த இருபதில் கொண்டுவருவேன் என்று அவன் சொன்னபோது குரல் தழுதழுத்தது. சந்தோஷம் தாங்காமல் இரண்டாவது காப்பி கேட்டேன்.

மே 21, புதன்

டிப்பர் ஒரு நடை மாதிரி மண் கொட்டிவிட்டுப் போயிற்று. செங்கல் சூளையில் நாற்பது வருஷம் மண் மிதித்த பெரியவர் ஒருவரை, தண்ணீர் தெளிக்கிற வேலைக்கென்று தங்கை மகன் அழைத்து வந்திருந்தான். அவர் முதலில் செய்தது, ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுவதும் இழுத்து, மூட்டைக் காலத்து ஆணிகளை ஒரு டப்பா நிறையப் பொறுக்கியது. டி.வி.எஸ். பஸ் ஓடும் சாலையில் லாடத்து ஆணிகளைப் பொறுக்க முன்னே காந்தம் கட்டிய வண்டி போகும் என்று என் தகப்பனார் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. 1911-இல் சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய ஸ்தாபனம் நேரம் தவறாத பஸ்ஸுக்குப் பேர் வாங்கியதென்றால், சாலையையும் தன் சரக்காகவே பாவித்ததுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பெரியவர் மண்ணில் தண்ணீர் தெளித்து, புரட்டி, ஒரு பிடி எடுத்துத் தங்கை மகன் உள்ளங்கையில் வைத்து, “பிடிங்க தம்பி” என்றார். இறுக்கிப் பிடித்துத் திறந்தான். விரல் தடத்தோடு உருண்டையாக நின்றது. விரலால் தட்டச் சொன்னார், பொலபொலவென்று உதிர்ந்தது. “இதுதான் புட்டுப் பதம். உதிராட்டி சகதி, நிக்காட்டி புழுதி. ராத்திரி தெளிச்சு ஈரச் சாக்கப் போட்டு மூடிரணும்; காலைல தெளிச்சா மேல வழுக்கும், உள்ள காஞ்சே கெடக்கும்.” பிட்டுக்கு மண் சுமந்த ஊரில் பிறந்து எழுபது வயதாகியும், பிட்டுக்கும் மண்ணுக்கும் ஒரே பதம் என்று இன்றைக்குத்தான் கையால் தொட்டு அறிந்தேன். வண்டி ஓட்டுகிறவன் மணிக்கு 600 ரூபாய் கொடுப்பது இந்த ஒரு பிடி மண்ணுக்காக. இது தவறினால் எந்த வண்டியும் எந்தப் பயிற்சியாளரும் அவனை மறுநாள் வரவழைக்க முடியாது.

வீட்டுக்கு வந்து அறிக்கையை எடுத்தேன். சம்பளப் பட்டியலில் எல்லாருக்கும் கீழே, எல்லாரிலும் குறைந்த தொகையோடு, ‘தண்ணீர் தெளிப்பவர்’ என்று நானே எழுதியிருந்தேன். அதை அடித்து, பயிற்சியாளருக்கு அடுத்த வரியில் ‘மண் பக்குவம் பார்ப்பவர்’ என்று எழுதி, 3,000 ரூபாய் கூட்டினேன். மாத மிச்சம் 10,700 ஆயிற்று. சுத்தப் பிரதி எடுத்து நாளை காலை வரும்படி தங்கை மகனுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன்.